பெரிய மானுக்குச் சின்னச் சொல்

என் மருமகன் கோயம்புத்தூர்க்காரர். இங்கே நியூசிலாந்தில், எல்லர்ஸ்லியில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை. சிலந்தியைக் கண்டால் என் மகளைக் கூப்பிட்டு அப்புறப்படுத்தச் சொல்கிறவர், போன மாதம் அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி குசினிக்குள் ஓடி வந்தார்.

“அத்தை, இதப் பாருங்க! மான்ஸ்டர் அத்தை, சரியான மான்ஸ்டர்!”

நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. “சின்னன்,” என்றேன்.

“படத்தையே இன்னும் பாக்கலையே நீங்க?”

“பாக்கத் தேவையில்லை தம்பி. நீங்கள் போட்ட சத்தமே காணும்.”

பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாவம், உண்மையிலேயே சின்னன்தான். கொம்பு இன்னும் கிளைவிடத் தொடங்காத பொடியன் மான். மருமகனின் முகம் வாடிப்போயிற்று. அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று மகளைக் கேட்டிருக்கிறார். “அம்மா மான் தலை தைச்சவ, உங்களுக்குத் தெரியாதே?” என்று அவள் சிரித்தாளாம். நான் தையல் வேலை செய்தவள் என்றுதான் அவருக்குத் தெரியும். சட்டை, பாவாடை என்று நினைத்திருந்தார். அன்றிலிருந்து ஒரே பிடி, எழுதி வையுங்கள் என்று. சரி, எழுதுகிறேன். ஆனால் ஒன்று. என் முதலாளியும் வாடிக்கைக்காரர்களும் கதைத்தது ஆங்கிலத்தில். அதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதப்போகிறேன். இத்தனை காலத்தில் அவர்கள் எல்லோரும் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கப் பழகிவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஒக்லாந்துக்கு வந்தோம். ஒனிஹங்காவில் வாடகை வீடு. ஊரில் படவரைஞராக இருந்த என் கணவர் இங்கே ஒரு பண்டசாலையில் சாமான் ஏற்றி இறக்கினார். எனக்குக் கைவசம் இருந்தது தையல் ஒன்றுதான். ஒருநாள் துறைமுகப் பக்கம் போகும் தெருவில், ஒரு பட்டறையின் சன்னலில் அட்டை ஒன்று தொங்குவதைக் கண்டேன். தையலுக்கு ஆள் தேவை, விரலில் பலம் வேண்டும் என்று எழுதியிருந்தது. கதவைத் திறந்தேன். சுவர் முழுக்க மான் தலைகள். எல்லாம் என்னையே பார்த்தன. அப்படியே நின்றுவிட்டேன்.

“கதவைச் சாத்தும், ஈ இலையான் வரும்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். அதுதான் கென்.

வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான் தலைகளைப் பாடம் செய்து, உயிரோடு பார்ப்பதுபோலச் சுவரில் மாட்டக் கொடுக்கிற பட்டறை அது. நானோ பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத சைவக்காரி. திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் கென் அதற்குள் இரண்டு தோல் துண்டையும் ஒரு ஊசியையும் என் கையில் தந்துவிட்டார். கையில் ஊசி வந்தால் நான் பிறகு எதையும் யோசிப்பதில்லை. தைத்துக் கொடுத்தேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தையல் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “திங்கக்கிழமை வாரும்,” என்றார்.

வீட்டில் என் கணவர் திகைத்துப் போனார். “என்னப்பா இது, செத்த மானோடையோ வேலை?”

“உயிரோடை இருக்கிற மான் தைக்க விடுமோ?” என்றேன்.

ஊருக்குக் கடிதம் எழுதும்போது தையல் வேலை என்றே எழுதினோம். பொய் ஒன்றும் இல்லையே. வேலை முடிந்து வந்ததும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் சாமி விளக்கைத் தொடுவேன். பிள்ளையாரும் ஆனைத் தலையைப் பொருத்திக்கொண்டவர்தானே, அவர் என்னைக் கோபிக்க மாட்டார் என்று எனக்கு ஒரு தைரியம்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புப் போட்டேன், தோல் சுரண்டினேன், பின்வளவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், பழகினேன். பவளராணி என்ற என் பெயரை இரண்டாம் நாளே பவ் என்று வெட்டிவிட்டார்கள். பவ் என்றால் இங்கே முட்டை வெள்ளையை அடித்துச் செய்கிற ஒரு கேக். முட்டையே தொடாதவளுக்கு முட்டைப் பெயர். போகட்டும்.

வேலை என்னவென்று சொல்கிறேன். வேட்டைக்காரர் கொண்டுவருவது இரண்டு சாமான்: மண்டையோட்டின் மேல்துண்டோடு கொம்பு, முகத்திலிருந்து தோள்வரை உரித்த தோல். முதலில் அளவு எடுப்போம். மூக்கு நுனியிலிருந்து கண் மூலைக்கு ஒன்று, தாடைக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஒன்று. அதற்கு என் தையல் அளவுநாடாதான். ஆண் மான் துணைக்குக் கதறும் காலத்தில் அதன் கழுத்து வீங்கிப் பருத்துவிடும். அந்த அளவு பிழைத்தால் முகம் முழுக்கப் பிழைத்துவிடும். பிறகு உப்பு, சீனாக்காரத் தண்ணீர், சுரண்டல், பதனிடல். அதற்கிடையில் கென் அந்த அளவுக்கு சாக்குத்துணியும் கடதாசிக் கூழும் வைத்து ஒரு கழுத்து செய்வார். தோலை அதன்மேல் போர்த்தி, பின்கழுத்தை மேலிருந்து கீழே நான் தைப்பேன். ஊசி எப்போதும் உள்பக்கத்திலிருந்து வெளியே வரவேண்டும். வெளியிலிருந்து உள்ளே போனால் மயிரையும் இழுத்துக்கொண்டு போய்விடும், தையல் தெரிந்துவிடும். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அகப்பட்ட மயிரை ஊசி நுனியால் எடுத்துவிட வேண்டும். கண்ணிமையைக் களிமண்ணுக்குள் செருகுவது மட்டும் கென்னின் வேலை. அதை அவர் வேறு யாருக்கும் விடமாட்டார். மான் பார்க்கிறதா முறைக்கிறதா என்பது அந்த இமையில்தான் இருக்கிறது.

கென் ஒரு விசித்திரமான மனிதர். ஏசமாட்டார். புகழவும் மாட்டார். ஒரு வேலை பிழைத்துவிட்டால், “கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்து, பேசாமல் அந்தத் தையலைத் தானே பிரிப்பார். முதல் வருடம் அந்த மனுசன் என்னால் நடந்த நடைக்கு ஊரைச் சுற்றி வந்திருக்கலாம். பின்னர் நடை குறைந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். பெரிய மானுக்கு வேட்டைக்காரர்களிடம் எத்தனை பெயர்! மொன்ஸ்டர் என்பார்கள், ஹோர்ஸ் என்பார்கள், ஸ்டொங்கர் என்பார்கள், பஸ் என்றுகூட ஒருவர் சொன்னார். கதவைத் திறக்கும்போதே அந்தச் சொல் உள்ளே வந்துவிடும், மான் பின்னால்தான் வரும். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு முறையும் மேசையைத் துடைத்து இடம் பண்ணி வைப்பேன். பிறகு பார்த்தால் ஆட்டுக்கடாவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வரும்.

ஒருநாள் ஒரு மனிதர் சத்தமில்லாமல் வந்தார். இரண்டு கையையும் விரித்தால்கூட எட்டாத அகலத்தில் ஒரு கொம்பை மேசையில் வைத்தார். எனக்கு வாய் திறந்தபடி. அவரோ சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, “நொட் பாட்,” என்றார். மோசமில்லை என்கிறார். மனுசனுக்கு மனக்குறை, இதைவிடப் பெரிதாக எதிர்பார்த்திருப்பார் போலும் என்று எனக்குப் பரிதாபம் வந்துவிட்டது. “கவலைப்படாதேங்கோ, அடுத்த முறை இதைவிட நல்லதாக் கிடைக்கும்,” என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு மூலையில் இருந்த லெஸ் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தேத்தண்ணி முழுக்க மடியில் ஊற்றுப்பட்டது.

லெஸ் எங்கள் பட்டறையின் வினோதமான வாடிக்கைக்காரர். ஒரு தலையும் கொண்டுவராத வாடிக்கைக்காரர். ஒனிஹங்காவுக்கு எதிர்க்கரையில், மாங்கெரே பிரிட்ஜில் வீடு. பேருந்துகளைத் திருத்துகிற மெக்கானிக். வருடந்தோறும் மான் கதறும் காலத்தில் மலைக்குப் போவார். இறைச்சியோடு வருவார், கொம்போடு வந்ததில்லை. எங்கள் ஸ்டூலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு மற்றவர்களின் தலைகளைப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு மடியைத் துடைத்துக்கொண்டே எனக்கு விளக்கம் சொன்னவர் அவர்தான்.

“பவ், வடிவாக் கேளும். மான் சின்னனாப் போகப் போகச் சொல் பெரிசாகும். மான் பெரிசாகப் பெரிசாகச் சொல் சின்னனாகும். மொன்ஸ்டர் எண்டால் குட்டி. நொட் பாட் எண்டால் நல்ல மான். அதுக்கும் மேலை ஒண்டு கிடக்குது. அதை ஆயுசிலை ஒருக்காத்தான் சொல்லலாம்.”

“அது என்ன?”

“ஹீ’ல் டூ.”

இவன் போதும், எங்கள் பேச்சில் காணும் என்று அர்த்தம். அவ்வளவுதான். மலையளவு மானைப் பார்த்து, சோறு போதுமென்று கையைக் காட்டுகிறதுபோல, காணும்!

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் கொழுகொழு என்ற பிள்ளையைப் பெற்றவள், “என்னத்தைக் கொழுத்தது, மெலிஞ்செல்லே போனான்,” என்றுதான் சொல்லுவாள். கொழுத்த பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லுகிறவள் அயலாள். நாவூறு பட்டுவிடும் என்ற பயம் மட்டுமில்லை. தன்னுடையது என்றால் சொல்ல வாய் வராது. நிறைகுடம் தளம்பாது என்பது இந்த நாட்டு மலைக்கும் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புளுகம்.

“லெஸ், நீங்கள் எப்ப ‘காணும்’ எண்டு சொல்லப்போறியள்?” என்று அவரைப் பகிடி பண்ணுவேன்.

“இன்னும் காணாது பவ், இன்னும் காணாது,” என்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு ஏப்ரலில் லெஸ் மலையில் இறந்துபோனார். மாரடைப்பு. ஒரு மானைச் சுட்டு, அதன் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். கூடப் போன நண்பர் நெவிலும் மற்றவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மானுக்கு மறுநாள்தான் ஏறிப்போனார்கள். கென் செத்தவீட்டுக்குப் போய் வந்தார். நான் அந்த ஸ்டூலைத் துடைத்து ஒரு பக்கமாக வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து லெஸ்ஸின் மனைவி ஷேர்லி வந்தார். சிறிய உருவம், கட்டைத் தலைமயிர், நேரே பார்க்கிற கண். காரின் பின்பக்கத்திலிருந்து சாக்கில் சுற்றிய கொம்பையும் தோல் மூட்டையையும் தானே தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

“கென், உண்மையைச் சொல்லும். இது பெரிசோ, சின்னனோ?”

கென் சாக்கை அவிழ்த்தார். கொம்பின் அடியை நான் ஒரு கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். விரல் முட்டவில்லை. ஆனால் நீளத்தில் அதை வெல்லுகிற கொம்புகள் எங்கள் சுவரிலேயே இருந்தன. கென் மண்டையோட்டுத் துண்டைத் தடவினார். கூட வந்த தாடையின் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈறுவரை, முரசுவரை தேய்ந்த பல். கிழட்டு மான். நல்ல காலத்தில் அந்தக் கொம்பு எப்படி இருந்திருக்குமோ, யார் கண்டது?

“சுவரிலை ஏறினாப் பிறகுதான் நான் சொல்லுறது,” என்றார் கென். அது அவருடைய பழக்கம். வெறும் கொம்பு ஆளை ஏமாற்றும் என்பார். யாருக்கும் முதலிலேயே சொன்னதில்லை.

ஷேர்லி இருக்கையில் இருந்துவிட்டார். “கலியாணம் கட்டின வருசமே நெருப்படுப்புக்கு மேலை ஒரு ஆணி அடிச்சவர். எங்கடை கலியாணப் படத்தைக் கொழுவுவம் எண்டன். இல்லை, அது பெரியவனுக்கு எண்டார். நான் படத்தை அறைக்குள்ளை வைச்சன். இவ்வளவு காலமும் அந்த ஆணி வெறும் ஆணி. பிள்ளையள் பிறந்து வளந்து போயிட்டுதுகள், ஆணி அப்பிடியே கிடக்குது. இப்ப செத்தவீட்டிலை எல்லாரும் எழும்பி எழும்பிச் சொல்லுறாங்கள், மொன்ஸ்டராம், ஹோர்ஸாம். நெவில் சொல்லுறார், லெஸ் கடைசியா அந்த மானைப் பாத்து மொன்ஸ்டர் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவராம்.”

ஷேர்லி கொம்பைப் பார்த்தார். “பெரிய சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியாதே? லெஸ்தான் சொல்லித் தந்தவர். என்ரை மனுசன் ஒரு குட்டிக்காகத்தான் என்னை விட்டிட்டுப் போனவரோ? அப்பிடியெண்டால் எனக்கு இது வேண்டாம். மனுக்காவ் கடலிலை எறிஞ்சுபோட்டு வாறன்.”

ஆறுதல் சொல்லப்போய்ப் பெரிய சொல்லைச் சொல்லி, மனுசியை நெருப்பில் போட்டிருக்கிறார்களே! கென் தோல் மூட்டையை அவிழ்த்தார். கன்னத்து மயிரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். மயிர் அப்படியே கையோடு வந்தது. வெயிலில் ஒருநாள் முழுக்கக் கிடந்த தோல். ஒரு பக்கக் கன்னமும் கழுத்தில் ஒரு பகுதியும் கெட்டுவிட்டிருந்தன.

“கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்,” என்றார் கென்.

திரும்பி வந்து, காத்திருந்த ஷேர்லிக்கு உள்ளதைச் சொன்னார். இப்படியான நேரத்தில் வேறு மானின் தோலை எடுத்து இந்தக் கொம்போடு பொருத்துவது தொழிலில் வழக்கம், ஆனால் சொல்லாமல் செய்யமாட்டேன் என்றார். ஷேர்லி தலையை ஆட்டி மறுத்தார்.

“வேறை மான் வேண்டாம். லெஸ் கடைசியாப் பாத்தது இந்த முகத்தை.”

“இதிலை தோல் காணாது ஷேர்லி.”

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். “மிஸ்டர் கென், ஒருக்கா என்னட்டைத் தாங்கோ.” முதல் நாளே ஐயா என்கிறதுபோல சேர் என்று கூப்பிட்டு அவர் வேண்டாம் என்றதால், மிஸ்டர் கென் என்பதோடு இருவரும் சமரசமாகியிருந்தோம்.

துணி காணாத இடத்தில் சட்டை வெட்டுவது எப்படி என்று எங்கள் ஊர்த் தையற்காரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோள்பக்க ஓரத்தில், சுவரோடு ஒட்டி மறைகிற இடத்தில், கொஞ்சத் தோல் மிச்சம் வெட்டலாம். அது கழுத்துக்கு ஆகும். முகத்து மயிர் கட்டை. அதற்கு முன்னங்காலின் மேல்துண்டில் ஒட்டிக்கொண்டு வந்த தோல் சரி. மயிர் ஓடுகிற திசைதான் உயிர். வெல்வெற் துணியைத் தலைகீழாக வெட்டினால் நிறம் மாறித் தெரியுமே, அதுபோலத்தான். கன்னத்தில் மயிர் கண்ணிலிருந்து கீழே இறங்கி, தாடையில் ஒரு சுழி போட்டுத் திரும்பும். அந்தச் சுழிக்கு ஏற்றமாதிரி, நகத்தளவு, இலையளவு என்று துண்டு வெட்டினேன். நேர்கோட்டில் வெட்டவில்லை. நேர்த் தையலைக் கண் கண்டுபிடித்துவிடும், வளைந்த தையலை விட்டுவிடும். எனக்குத் தெரிந்த மிக மெல்லிய ஊசி, மெழுகிட்ட நூல். நாட்கணக்கில் அந்த ஒரு கன்னம். கென் வேறு வேலைகளைப் பார்த்தார். என் மேசைப் பக்கம் வந்து பென்சிலால் தட்டவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

வேலை பாதியில் இருக்கும்போது நெவில் வந்தார். நெடிய மனிதர், பெரிய கை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, என் மேசையில் கிடந்த முகத்தைப் பார்த்தார். “ஷேர்லி சந்தோசமா இருக்கிறாவோ?” என்று கேட்டார்.

“சந்தோசமோ? கடலிலை எறியப்போறன் எண்டு நிக்கிறா,” என்றேன். கோபத்தில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். “லெஸ் மொன்ஸ்டர் எண்டு சொன்னவரோ? உண்மையாச் சொன்னவரோ?”

நெவில் கென்னைப் பார்த்தார். கென் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்.

“இல்லை,” என்றார் நெவில்.

தொப்பியை மேசையில் வைத்தார்.

“நான் ஏறிப்போகேக்கை அவர் மானிலை சாய்ஞ்சுகொண்டு இருந்தவர். கை அதின்ரை கழுத்திலை. நெஞ்சு இறுக்குது எண்டார். நான் தண்ணி குடுத்தன். பிறகு அதின்ரை முகத்தைத் திருப்பிப் பாத்தார். கனநேரம் பாத்தார்.” நெவில் மேசையில் கிடந்த முகத்தைப் பார்த்தார். “ஹீ’ல் டூ எண்டார். அவ்வளவுதான் சொன்னது.”

காணும் என்றிருக்கிறார். நான் ஊசியை மேசையில் வைத்தேன்.

“அப்ப ஏனப்பா நீர் மொன்ஸ்டர் எண்டு சொன்னனீர்? விசரே உமக்கு?”

“செத்தவீட்டண்டு சேர்ச் நிறையச் சனம், பவ். ஷேர்லி முன்வரிசையிலை. அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, உம்மடை மனுசன் கடைசியாச் சொன்னது காணும் எண்டுதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவ்வளவு சின்னச் சொல். வேட்டைக்குப் போகாத மனுசிக்கு அது விளங்குமோ? பெரிசாச் சொன்னால் பெருமையா இருக்கும் எண்டு நினைச்சன். நான் சொல்ல, மற்றவங்களும் சொன்னாங்கள்.”

அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவம் மனுசன், தன்னிடமிருந்த பவுனை ஒளித்து வைத்துவிட்டுப் பித்தளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார், அன்பினால்.

“அவ வேட்டைக்குப் போகேல்லைத்தான்,” என்றேன். “ஆனால் வேட்டைக்காரனைக் கட்டினவ. அவவுக்கு உம்மைவிட வடிவாத் தெரியும். போய்ச் சொல்லும்.”

“நான் எப்பிடி இப்ப…”

“தலை கொண்டுபோற அண்டைக்கு நீரும் வாறீர்,” என்றார் கென். அதற்குமேல் அந்தப் பட்டறையில் யாரும் வாதாடுவதில்லை.

தைத்து முடித்த அன்று கென் இமையைச் செருகினார். ஒரு முழுப் பகல் எடுத்தது. முறைப்பும் இல்லை, பயமும் இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, நின்று திரும்பிப் பார்க்கிற பார்வை. காய்ந்ததும் மயிரைச் சீவினேன். கென் விளக்கைச் சரித்து, என் ஒட்டுப்போட்ட கன்னத்தைப் பார்த்தார். பென்சில் காதிலேயே இருந்தது. அவர் தொப்பியை எடுத்தார். ஐயோ, நடக்கப் போகிறாரே என்று எனக்கு உயிர் போய்விட்டது.

“பவ், கோட்டைப் போடும். நீரும் வாறீர்,” என்றார்.

வாடிக்கைக்காரர் வீட்டுக்கு அவர் என்னைக் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை.

ஷேர்லியின் வீட்டில் கதவைத் திறந்ததும் நான் பார்த்தது அந்த ஆணியைத்தான். நெருப்படுப்புக்கு மேலே, வெள்ளைச் சுவரில், தனியே. கென்னும் நெவிலும் தலையை வாகனத்திலிருந்து தூக்கிவந்து, துணியோடு தரையில் வைத்தார்கள். நெவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஷேர்லிக்கு முன்னால் போய் நின்றார்.

“ஷேர்லி, நான் சேர்ச்சிலை பொய் சொன்னனான். லெஸ் மொன்ஸ்டர் எண்டு சொல்லேல்லை.”

“எனக்குத் தெரியும்,” என்றார் ஷேர்லி. “என்ன சொன்னவர்?”

நெவில் சொன்னார். கழுத்தில் கை வைத்திருந்தது, தண்ணீர் குடித்தது, முகத்தைத் திருப்பிப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தச் சின்னச் சொல்லையும் சொன்னார்.

ஷேர்லி என் பக்கம் திரும்பினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார், நானும் அழுதேன். இவ்வளவு நாளும் அவர் அழுதது வேறு அழுகை, இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. நெவில் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கென் மட்டும் சுவரடிக்குப் போய், அந்த ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தார். கோட் கொழுவுகிற சின்ன ஆணி. தலையின் பாரத்துக்கு அது ஒரு நொடி தாங்காது.

“லெஸ் இந்த ஆணியை அடிக்கேக்கை நினைச்ச மான் இதிலை பாதிதான்,” என்றார்.

சுவரில் ஏறுவதற்கு முதலே கென் ஒரு மானைப் பற்றிச் சொன்னது அன்று ஒருநாள்தான்.

ஆணியைப் பிடுங்கிவிட்டு, சுவருக்குள் மரச்சட்டம் ஓடுகிற இடமாகத் தட்டிப் பார்த்துத் தடித்த போல்ட் போட்டார். இருவரும் தலையைத் தூக்கி மாட்டினார்கள். துணியை நான் எடுத்தேன். ஷேர்லி கிட்டப் போய், அந்தக் கன்னத்தைப் புறங்கையால் தடவினார். “எந்தப் பக்கம் கெட்டுப்போனது?” என்று என்னைக் கேட்டார். “நீங்கள் தடவுற பக்கம்தான்,” என்றேன். அவர் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

பிறகு கென்னிடம் கையை நீட்டினார். “அந்த ஆணியைத் தாரும்.”

கென் கொடுத்தார். ஷேர்லி அறைக்குள் போய்ச் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கலியாணப் படம். லெஸ்ஸுக்கு அதில் தலை நிறைய மயிர், காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இவரைப் பார்த்துச் சிரிக்கிறார். மானுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, ஒரு இடத்தை விரலால் காட்டினார். கென் அதே ஆணியை அங்கே அடித்தார். ஷேர்லி தானே படத்தைக் கொழுவி, சரிவு பார்த்துத் திருத்திவிட்டு, பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். மானையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“காணும்,” என்றார்.

கென் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்,” என்று யாரையும் பாராமல் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அன்று வேலையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.